நெடுந்தீவில் என் முதல் சோளகம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஏதாவது ஒரு தீவுக்கு நியமனம் கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாகத் தனியாகப் போகிற பெண்களுக்கு. நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். கடல் என்றால் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. விஞ்ஞான ஆசிரியையாக நெடுந்தீவுக்கு நியமனக் கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை, கடை கண்ணி இருக்காது, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது என்றெல்லாம் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கடை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, பிரதேச செயலகம் இருந்தது, பேச்சுத் துணைக்கு ஆட்களும் தாராளமாக இருந்தார்கள். உண்மையான கஷ்டம் இரண்டே விஷயத்தில்தான்: சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, தண்ணீர். அந்த இரண்டைப் பற்றியும் எனக்கு ஒருவரும் மூச்சு விடவில்லை.

முதலில் போகிற வழி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு, அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்கு, புங்குடுதீவின் மறு கரையில் குறிகட்டுவானுக்கு. அதுவரைக்கும் பஸ்ஸிலேயே போகலாம். அதற்கப்பால் தரைவழி கிடையாது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர்கள் படகில் ஏறிக் கதைத்து முடிப்பதற்குள் இறங்கிவிடுவார்கள். நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். குமுதினி, வடதாரகை என்ற அரச படகுகளுக்குக் கட்டணம் இல்லை, தனியார் படகுகளுக்கு உண்டு. படகு நேரத்தை யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிப் புறப்படாதீர்கள். படகு திருத்த வேலைக்குப் போயிருக்கலாம், நேரம் மாறியிருக்கலாம். தீவில் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே வாங்கி வைத்து, புறப்படுகிற அன்று காலை கேட்டுக்கொள்வதுதான் வழி. கடைசிப் படகு போய்விட்டால் குறிகட்டுவானில் நின்று என்ன செய்வது? திரும்பவும் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ தங்க வேண்டும். எனக்கு அந்தச் செலவு வேலை தொடங்குவதற்கு முன்பே வந்தது.

சாமான் கொண்டுபோவது தனிக் கதை. கட்டில், மேசை, காஸ் சிலிண்டர், புதிதாக வாங்கிய சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் வவுனியாவிலிருந்து ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குறிகட்டுவானில் இறக்கக் கூலி, படகில் ஏற்றக் கூலி, நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறக்கக் கூலி, அங்கிருந்து வீட்டுக்கு லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திர வாடகை. வாகனச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் கட்டிலையும் மேசையையும் இன்னொரு முறை வாங்கியிருக்கலாம். தீவை விட்டு இடமாற்றம் பெற்றுப் போகிற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் தங்கள் சாமான்களைத் திரும்பக் கொண்டுபோக விரும்புவதில்லை. ஒரு வாரம் பாயில் படுத்துக்கொண்டு விசாரித்தால் பாதி விலைக்கு எல்லாம் கிடைக்கும். இரும்புச் சாமானே வேண்டாம், உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் துரு பிடித்துவிடும்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். இருக்கிறவர்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேர். யாழ் மாவட்டக் கிராம சேவையாளர் பிரிவுகளின் எண் ஜே/01 இங்கேதான் தொடங்குகிறது, கச்சதீவும் நிர்வாகத்தில் இந்தப் பிரிவுக்குள்தான் வருகிறது. மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பனைகள், புல்வெளி, முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். சீமெந்து எதுவும் பூசாமல், கல்லின் மேல் கல்லாக வைத்த வேலி எத்தனை தலைமுறையாக நிற்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் குதிரை, பெருக்கு மரம், கோட்டை, புறாக்கூடு என்று பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் போய்விடுவார்கள். அவர்கள் பார்க்காத விஷயம் இந்தத் தீவின் தூரம். வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். இறங்குதுறைப் பக்கம் கலகலப்பாக இருக்கும், மேற்கே போகப் போக ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டே வரும். பொழுதுபட்டால் ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வராது. வீடு பார்க்கும்போது வாடகை குறைவு என்று தூரத்தில் எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் இறங்குதுறைக்கும் இரவில் சைக்கிளில் போகக்கூடிய தூரமா என்று பாருங்கள். எனக்கு ஆச்சி ஒருவருடைய வளவில் பின்பக்க அறை கிடைத்தது. பாடசாலைக்குக் கிட்ட என்பதால்தான் எடுத்தேன், ஆஸ்பத்திரியும் அதே பாதையில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இனித் தண்ணீர். நான் போனது ஜனவரியில். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் பெய்த மழைத் தண்ணீர் கிணற்றில் நிறைந்திருந்தது. குடித்தால் இனித்தது. "நெடுந்தீவுத் தண்ணி உவர் எண்டு சொன்னாங்களே, பொய்யா?" என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. பங்குனி, சித்திரை போக, வைகாசியில் தேநீரின் சுவை மாறியது. ஆனியில் தலைமுடி சிக்குப் பிடித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஆண்டு ஒன்பது பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரச் சொல்லி, ஒரே அளவு தண்ணீரை எவர்சில்வர் தட்டுகளில் வற்றக் காய்ச்சிப் பார்த்தோம். சில தட்டுகளில் லேசான வெள்ளைப் படிவு. சிலவற்றில் கரண்டியால் சுரண்டி எடுக்கிற அளவுக்கு. ஒரே வட்டாரத்துக் கிணறுகளுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம்.

காரணம் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், அனுபவித்தபோதுதான் உறைத்தது. நெடுந்தீவில் ஆறு இல்லை. நிலத்தடியில் சுண்ணக்கல், முருகைக்கல். எல்லாம் துளை நிறைந்தவை. பெய்கிற மழை அதற்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் நீரின் மேல், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல, மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நன்னீருக்கும் கடல் நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் சிறிதுதான் என்பதால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே நாற்பது அடி அளவுக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓரடி இறங்கினால் கீழே நாற்பது அடி போய்விடும். அதனால்தான் ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்கிற வன்னிக் கணக்கு இங்கே செல்லாது. ஆழம் போனால் உப்புத்தான். மோட்டார் போட்டு இறைத்தாலும் அப்படித்தான், கீழிருந்து உப்பு மேலேறிவிடும். ஆச்சி மோட்டார் பூட்டவே இல்லை, துலாவும் கயிறும்தான். பக்கத்து வளவில் மோட்டார் பூட்டிய கிணறு இப்போது குளிக்கக்கூட ஆகாது. வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் ஜனவரியில் போய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 'ஆவணியில் இந்தக் கிணறு எப்படி?' என்று அயலவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை.

ஆனி கடைசியில் குடிப்பதற்குக் கானில் தண்ணீர் வாங்கத் தொடங்கினேன். வாங்கிய தண்ணீரை அளந்துதான் குடித்தேன். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெண்கள் யாரும் வெளியில் எழுதுவதில்லை. படகுப் பயணம் ஒரு மணித்தியாலம்தான், ஆனால் அதற்கு முன்னால் இறங்குதுறையில் காத்திருப்பு, பிறகு குறிகட்டுவானில் பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பிறகு பஸ் பயணம். அந்த நேரம் முழுவதும் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். நான் மட்டும் இல்லை, என்னோடு வேலை செய்த எல்லா ரீச்சர்மாரும் அப்படித்தான். பாடசாலையிலும் வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு அரைப் போத்தல் தண்ணீரோடு வீட்டுக்கு வருவேன். ஆடி தொடங்கியபோது சலக்கடுப்பு வந்தது. இளநீர் குடித்தால் சரியாகும் என்று நினைத்தேன். இரண்டு நாள் சரியாகியும் இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் எனக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாப் பரீட்சை. வெள்ளி பின்னேரம் போய் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் எழுதுவது என்று ஏற்பாடு. புதன் பின்னேரம் பனைகள் போடுகிற சத்தத்தில் கதைப்பதே கேட்கவில்லை. ஆச்சி கிணற்றடியில் நின்று மேற்கே பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சோளகம் எழும்பிட்டுது. வெள்ளிக்கிழமைப் படகை நம்பாதை." நான் கைத்தொலைபேசியில் வானிலை பார்த்தேன், அது வெயில் என்று காட்டியது. வெயில்தான். வானத்தில் ஒரு முகில் இல்லை. வவுனியாவில் வளர்ந்த எங்களுக்கு மோசமான காலநிலை என்றால் மழை, இடி. இங்கே பளிச்சென்ற வெயிலில் கடல் மூடிவிடும். வானிலை பார்க்கிறவர்கள் மழையைப் பார்க்காதீர்கள், காற்றின் வேகத்தையும் திசையையும் கடற்றொழிலாளருக்கான அறிவிப்பையும் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து காற்று வரும். மற்றத் தீவுகள் ஒன்றுக்கொன்று கிட்ட, ஆழமில்லாத கடலில் ஒதுங்கி இருக்கின்றன. நெடுந்தீவு எல்லாவற்றுக்கும் தென்மேற்கே, பாக்கு நீரிணையைப் பார்த்துக்கொண்டு தனியே கிடக்கிறது. நயினாதீவுக்குப் படகு ஓடுகிற நாளில் நெடுந்தீவுக்கு ஓடாமல் போவதற்கு அதுதான் காரணம்.

வியாழன் காலைப் படகு ஓடவில்லை. அன்று பகல் எனக்குக் குளிர் காய்ச்சல் பிடித்தது, முதுகின் ஒரு பக்கம் கொதித்தது. ஆச்சி மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தார். வெள்ளி காலை அவருடைய பேரன் சைக்கிளில் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சலத்தில் கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார், ஊசி போட்டு வார்டில் வைத்தார்கள். இரவு காய்ச்சல் ஏறியதும், காலையில் கடல் கொஞ்சம் தணிகிறபோது யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. அந்த இரவுதான் எனக்குப் பயம் வந்தது. வருத்தத்தைப் பற்றி இல்லை. வவுனியாவில் அம்மாவால் வர முடியாது, வந்தாலும் குறிகட்டுவானில் நின்று கடலைப் பார்க்கத்தான் முடியும் என்ற நினைப்பு. அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா, தன் மூத்த மகனைப் பெற இதே கடலில் இரவில் போன கதையைச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார்தான், எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

விடிய மாவிலித்துறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. குழந்தைகளும் அதில் உண்டு. இந்தத் தீவில் அந்தப் படகில் யாரையாவது இழக்காத தெரு குறைவு என்பதை நான் ஆச்சியிடமிருந்து அறிந்திருந்தேன். இன்றும் அதே பெயரில் படகு ஓடுகிறது, அதே சனம் அதில் ஏறி இறங்குகிறது, அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. என்னை ஏற்றியது சின்ன வேகப் படகு. ஒவ்வொரு அலையிலும் தூக்கிப் போட்டது. தாதி ஒருவர் சேலைன் போத்தலை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். உடம்பு முழுக்க நனைந்து, இரண்டு முறை சத்தி எடுத்து, அக்கரையில் நின்ற அம்புலன்ஸில் ஏற்றினார்கள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் சாதாரணமாகத்தான் பார்த்தார்கள், அவர்களுக்கு இது பழகின காட்சி. பரீட்சை தொடங்குகிற நேரம் நான் யாழ்ப்பாணத்தில் வார்டில் இருந்தேன்.

பரீட்சைக் கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. வைத்திய அறிக்கை அனுப்பினேன், அடுத்த முறை மறு பதிவு செய்யலாம் என்று பதில் வந்தது. கட்டணம், மறு பதிவு, அம்மா வந்து நின்ற விடுதிச் செலவு, மருந்து, ஸ்கான் எல்லாமாக ஐம்பதினாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போனது. அதைவிட ஒரு வருடம் போனது. டிப்ளோமா பிந்தினால் பதவி உயர்வும் பிந்தும், அந்தக் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை.

அதன் பிறகு தீவில் பழைய ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். சோளகத்தில் முக்கியமான வேலை இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுகிறார்கள். போவதென்றால் காலையில்தான், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். படகில் முன்பக்கம் இருப்பதில்லை, ஆட்டம் குறைவான நடுவிலோ பின்னாலோ இருப்பார்கள். உயிர்காப்பு அங்கி கட்டச் சொன்னால் வெட்கப்படாமல் கட்டுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாம் பொலித்தீன் பைக்குள் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எனக்குக் கடல் தண்ணீரில் நனைந்து அழிந்த கிளினிக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். கையில் எப்போதும் ஒரு வாரத்துக்குத் தேவையான பணம் தாளாக இருக்கட்டும். மின்சாரமோ சிக்னலோ போய்விட்டால் அட்டையும் போனும் உதவாது. நான் போனபோது தீவுக்கு மின்சாரம் மின்பிறப்பாக்கியிலிருந்துதான் வந்தது. சூரிய ஒளி, காற்று இரண்டையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024இல் ஒப்பந்தம் செய்தார்கள், அதனால் நிலைமை மாறலாம். என் குளிர்சாதனப் பெட்டிக்கு அது பிந்திவிட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்கி அது எரிந்தது, திருத்தக் கொண்டுபோகிற கூலியைக் கேட்டுவிட்டு அரிசி போட்டு வைக்கிற பெட்டியாக்கிவிட்டேன்.

தண்ணீருக்கு நான் செய்தது இதுதான். கூரைக்குப் பீலி போட்டு ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று வைத்தேன், செலவில் பாதியை ஆச்சி ஏற்றுக்கொண்டார். முதல் மழையை ஓடவிட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும், கூரைத் தூசியும் காக எச்சமும் அதோடு போய்விடும். தாங்கிக்கு வெளிச்சம் போகாத மூடியும், நுளம்பு போகாத வலையும் கட்டாயம். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பு, தோய்ப்பு கிணற்றில். மழைக்காலம் ஒழுங்காக இருந்தால், ஒருவருக்குச் சித்திரை தாண்டியும் வருகிறது. படகில் போகிற நாளிலும் இப்போது குடித்துவிட்டுத்தான் புறப்படுகிறேன். குறிகட்டுவானுக்குப் போகிற வழியில் எங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது, எந்தக் கடைக்கார அம்மா உள்ளே போக விடுவார் என்று எங்கள் பாடசாலை ரீச்சர்மார் எல்லோருக்கும் இப்போது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வதும் அதைத்தான். சலக்கடுப்பு வந்தால் இளநீரோடு நில்லாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால் ஒரு படகைக்கூடத் தவறவிட வேண்டாம்.

கோடை நீளும்போது மனிதரைவிட மோசமாகத் தவிப்பது குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயரும் வளர்த்துவிட்டுப்போன இனம் என்கிறார்கள். 2015இல் அவை திரிகிற புல்வெளியைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அறிவிப்பு வந்தாலும் மழை வராவிட்டால் புல் இல்லை, குட்டை வற்றிவிடும். ஆவணியில் அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போனபோது விலா எலும்பு தெரிய நின்றன. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிற நண்பர்களுக்கு நான் மாசி மாதப் படத்தைத்தான் அனுப்புகிறேன்.

இந்த வருடமும் பரீட்சை ஆடியில்தான் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கொக்குவிலில் சித்தி வீட்டில் நின்று படிக்கலாம். படகு ஓடாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரப் பிந்தும் என்று அதிபரிடமும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. அவர் தீவுக்காரர். தலையை ஆட்டிவிட்டு, "செவ்வாய் எண்டே எழுதுங்கோ ரீச்சர்" என்றார்.